கொழுந்து வெட்டில் காபீன் கசிந்தால்: என் அனுபவம்

நுவரெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்தை மால்டி திணிவு நிறமாலைப் படமாக்கலுக்கு (மெல்லிய வெட்டின்மேல் லேசர் பாய்ச்சி, எந்த மூலக்கூறு எங்கே உள்ளது என்று திணிவை வைத்துப் படமாக்கும் முறை) தயார் செய்யும்போது எனக்குப் பெரிய தொல்லை ஈரலிப்புதான். காபீனின் உச்சி (திணிவு-மின்னேற்ற விகிதம் 195.0877) இலை விளிம்பைத் தாண்டி வெறும் கண்ணாடியிலும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. மறை 80 பாகையிலிருந்து எடுத்த ஐடிஓ சிலைட்டை (வெட்டு ஒட்டிய, மின் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தகடு) உடனே திறந்தால் பனிமூட்டக் காற்று அதன்மேல் துளித்துளியாகப் படியும். காபீனும் தேயிலையின் அமினோ அமிலமான தியனைனும் நீரில் கரைபவை, துளியோடு நகர்ந்துவிடும்.

இப்போது சிலைட்டை 50 மில்லிலீற்றர் குழாயில், அடியில் சிலிக்கா ஜெல் போட்டு, குளிரிலேயே இறுக மூடுகிறேன். வெளியே எடுத்தபின் குழாயின் வெளிப்புற வியர்வை முற்றாகக் காயும்வரை மூடியைத் தொடக்கூடாது. பிறகு வெற்றிட உலர்த்தியில் 30 நிமிடம். நீல மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் அவற்றைச் சூடாக்கி உலர்த்தாமல் பாவிப்பதில் பயனே இல்லை.

இலையைச் சுற்றி ஒரே சீரான வளையமாகக் கசிவு மிஞ்சினால் குற்றம் தெளிப்பில், அதாவது லேசருக்கு முன் வெட்டின்மேல் தெளிக்கும் மேட்ரிக்ஸ் கரைசலில். 70 வீத மெதனோலில் மில்லிலீற்றருக்கு 30 மில்லிகிராம் டிஎச்பி (மேட்ரிக்ஸ் பொருளான டைஹைட்ரொக்சி பென்சோயிக் அமிலம்), 0.1 வீதம் டிஎஃப்ஏ (டிரைஃபுளோரோ அசற்றிக் அமிலம்). மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது. பூசியதும் சிலைட் ஈரமாகப் பளபளத்தால் பாய்வைக் குறையுங்கள். மிகவும் உலர்ந்து விழுந்தாலோ மூலக்கூறு மேலே வராது, உச்சி மெலியும்.

வெட்டுவதற்கு முன் கொழுந்தை ஓசிடியில் (உறையவைத்து வெட்டுவதற்கான புதைப்புக் கலவை) புதைக்கவே வேண்டாம். அதிலுள்ள பொலிஎத்திலீன் கிளைக்கோல் 44 அலகுக்கொரு உச்சியாக நிறமாலையை நிரப்பிவிடும். ஜெலட்டின் போதும்.