கணக்கு, அறிவியல் ஆசிரியர் வேலைக்குத் தயாராவது எப்படி? மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணிவிட்டால் வேலை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை அது வெறும் தகுதிதான். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு, டெட் முடித்தவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018 அரசாணை சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போடும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

6 முதல் 10 ஆம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு பி.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு அதே பாடத்தில் எம்.எஸ்சி.யும் சேர்ந்து வேண்டும். "அதே பாடத்தில்" என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. வேறொன்று என்று போனால் கிராஸ் மேஜர். முதுகலை ஆசிரியர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பிலேயே கழித்துவிடுவார்கள். அப்ளைடு, பயோ, கம்ப்யூட்டர் என்று ஒட்டு வைத்த பட்டங்களிலும் கவனம் தேவை. அந்தப் பட்டம் கணிதத்துக்கோ வேதியியலுக்கோ விலங்கியலுக்கோ சமம் என்று அரசாணை இருக்கிறதா என்பதை, ஃபீஸ் கட்டும் முன்பே பல்கலைக்கழகப் பெயரோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாக "அதெல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னதை டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) மேஜையில் காட்ட முடியாது.

பி.எட். இப்போது 2 ஆண்டு. மதுரையில் இருந்தாலும் பி.எட். கல்லூரிகள் காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வராது. சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தெப்பக்குளம் பக்கம் உள்ள தியாகராசர் காலேஜ் ஆஃப் பிரிசெப்டர்ஸ் போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு முதலில் முயற்சி செய்யுங்கள். "வராமலே முடிக்கலாம்" என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர்களை நம்பாதீர்கள். என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. அங்கீகாரம் இருந்தாலும், வகுப்பில் நின்று பழகாதவர் முதல் மாதமே திண்டாடிப் போவார்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத உள் இடஒதுக்கீடு உண்டு. 1 ஆம் வகுப்பு முதல் பணிக்குக் கேட்கும் கடைசிப் படிப்பு வரை, ஒவ்வொன்றுக்கும் தமிழ்வழிச் சான்று வேண்டும். ஒரு வகுப்புக்கு இல்லையென்றாலும் போச்சு. நடுவில் 2 வருஷம் வேறு பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் வாங்க வேண்டும். பழைய தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நடக்க வேண்டிவரும். ஆகவே தேர்வு அறிவிக்கை வரும்வரை காத்திராமல் பி.எட். படிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

டெட் இரண்டாம் தாளில் 150 கேள்வி: குழந்தை உளவியல் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மற்றப் பிரிவுகளுக்கான சலுகையை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பாருங்கள். தேர்ச்சி ஆயுள் முழுக்கச் செல்லும். கணக்கு மேஜர்கள் உயிரியலிலும், தாவரவியல், விலங்கியல் மேஜர்கள் கணக்கிலும் மார்க்கை விடுகிறார்கள். கைடு வாங்குவதற்கு முன் 6, 7, 8 ஆம் வகுப்புப் புத்தகங்களை, பெட்டிச் செய்தி உட்பட, வரிக்கு வரி படியுங்கள். வேலைக்குப் போன பிறகும் இது உதவும்: தாவரவியல் படித்தவர்தான் 10 ஆம் வகுப்புக்கு ஒளியியலும் நடத்த வேண்டியிருக்கும்.

போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு: 30 கேள்வி, 50 மார்க், 20 எடுத்தே ஆக வேண்டும். அதில் தவறினால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதுகலைத் தேர்வின் முக்கியத் தாளில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023 இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

இனி, கரும்பலகை. பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருப்பீர்கள். ரெக்கார்டு எழுதியே அதைக் கழிக்காதீர்கள்.

10 ஆம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8 மார்க். 7/3 விகிதத்தில் வடிவொத்த முக்கோணம் வரைவதை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் நடுவில் ஆரம்பித்தால் வலப்பக்கம் இடம் தீர்ந்துவிடும். அடிப்பக்கத்தை 45 செ.மீ. வையுங்கள், அது 105 செ.மீ. ஆக நீளும், ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கவும் வசதி. போர்டின் இடப்பக்கம், அதுவும் நடு உயரத்தில் தொடங்குங்கள். கீழ்நோக்கிப் போகும் கதிரில் 7 புள்ளிகளுக்கும் இடம் வேண்டும், மேலே முக்கோணம் வளரவும் வேண்டும். மரக் காம்பஸின் ஊசி முனை வழுக்கினால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை முனைக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில்: அடிப்பக்கத்தின் வலது முனையோடு 7 ஆவது புள்ளியைச் சேர்த்துவிடுவார்கள். பகுதியில் உள்ள எண்ணைத்தான் சேர்க்க வேண்டும், இங்கே 3. தொகுதி எண்ணில் இருந்து அதற்கு இணைகோடு. 3/5 கொடுத்தாலும் இதே விதிதான். 5 ஐச் சேர், 3 இல் இருந்து இணைகோடு. இரண்டையும் ஒரே பீரியடில் போட்டுக் காட்டினால்தான் நிற்கும்.

அறிவியலுக்கு லேப் இல்லை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு கிடைக்கும் (ரோஸ் நிறம் வேண்டாம்). அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கலக்கி, மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். தெளிந்ததை மட்டும் அசைக்காமல் இறுத்து, பாட்டிலில் முழுக்க நிரப்பி இறுக மூடுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே ஆடை கட்டிவிடும். ஸ்ட்ராவால் மெதுவாக ஊதினால் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் கால்சியம் கார்பனேட் உண்டாகிப் பால்போல் கலங்கும். அங்கேயே நிறுத்துங்கள். உற்சாகத்தில் ஊதிக்கொண்டே இருந்தால் அது கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து மறுபடி தெளிந்துவிடும். "சார், ஒண்ணுமே ஆகலியே" என்பான் கடைசி பெஞ்சுக்காரன். மேல் வகுப்பில் அதையே வேண்டுமென்று செய்து காட்டலாம். உறிஞ்சக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்ன வகுப்பென்றால் நீங்களே ஊதிக் காட்டுங்கள்.

தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் பணி கிடைக்கலாம். 2022 இல் அறிவித்த தொகுப்பூதியம் பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய். டெட் முடித்தவருக்கு முன்னுரிமை இருந்தது. கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளிலும் விசாரியுங்கள். ஊருக்குள்ளேயே தேடுபவர்கள்தான் அதிகம். அனுபவச் சான்றை வேலையை விடும் அன்றே ஹெச்.எம்.மிடம் வாங்கிவிடுங்கள். அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டால் அலைய வேண்டிவரும்.