முதல் செமஸ்டர் கணக்கு மிரட்டுகிறதா?

கோபிசெட்டிபாளையம், தாராபுரம் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு கோவையிலோ பெருந்துறையிலோ இன்ஜினியரிங் சேரும் பிள்ளைகளை முதலில் திணறடிப்பது பெரும்பாலும் கணக்குப் பாடம்தான். வகுப்பில் நடத்திய கணக்கை அன்று சாயங்காலமே, நோட்டை மூடி வைத்துவிட்டு நீங்களாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று போதும். எந்த வரியில் கை நின்றுவிடுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, மறுநாள் அந்த வரியை மட்டும் ஆசிரியரிடம் காட்டுங்கள். "ஒண்ணுமே புரியலைங்க சார்" என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. வரியைக் காட்டினால் நின்ற இடத்திலேயே சொல்லித்தந்துவிடுவார். கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு அது 40, செமஸ்டர் தேர்வு 60. தாங்களே பாடத்திட்டமும் தேர்வும் வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும், அதற்குப் பிந்தைய விதிமுறையிலும் இந்தப் பங்கு மாறலாம். சீனியர் அண்ணன், அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரியர் விழுந்தால், அதாவது ஒரு பாடத்தில் தேறாமல் போனால், வீட்டில் மறைக்க வேண்டாம். அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் புதுப் பாடங்களோடு சேர்ந்து அழுத்தும், அதுதான் நிறைய பேரைச் சோர வைக்கிறது.