முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஒருவருக்கு முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை என்று முடிவானவுடன், மதுரைக்குப் போவதா திருச்சிக்குப் போவதா, எவ்வளவு செலவாகும், எந்த நாள் நல்ல நாள் என்றெல்லாம் வீட்டில் பேசுவார்கள். நோயாளி திரும்பி வந்து வாரக்கணக்கில் தங்கப்போகும் வீட்டைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போலிருந்து விலகிய ஜவ்வை மட்டும் எடுத்தாலும், ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைத்தாலும், முதல் ஆறு வாரங்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக விதிக்கும் தடைகள் இவைதாம்: குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது. நம் பழைய வீடுகளோ தரையில் அமர்ந்து உண்டு, பாயில் படுத்து, நிலைப்படிகளைத் தாண்டித் தாண்டி நடமாடுகிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை.

ஆகவே வீட்டைத் தயார் செய்யும் வேலையை டிஸ்சார்ஜ் நாள்வரை தள்ளிப்போடுவதே முதல் தவறு. படுக்கையை மாடியிலோ, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலோ போடாமல், கழிவறைக்கு மிக அருகில் உள்ள அறையில் போட வேண்டும். உட்காரும்போது முழங்கால் இடுப்பின் மட்டத்துக்கு மேலே போகாத அளவுக்குக் கட்டில் உயரமாக இருக்க வேண்டும். கழிவறை பின்கட்டில் இருந்து, அதுவும் குந்தி உட்காரும் வகையாக இருந்தால், கமோடு நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கால் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கும். அதில் ஈரம் சேர்ந்தால் எப்படி வழுக்கும் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் முற்றத்துச் சாரல் அதைச் சுற்றியுள்ள வளவுவரை வருமாதலால், நோயாளி நடக்கும் வழியை உடனுக்குடன் துடைப்பதற்கு ஆள் வேண்டும். பல் துலக்கும் பிரஷ், மாத்திரை டப்பா, சொம்பு, கைபேசி சார்ஜர் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். தரையில் கிடக்கும் ஒரு சொம்பை எடுக்கக் குனிவது சிறிய செயல் போலத் தோன்றும். ஆனால் அந்த ஒரு குனிவு, புதிதாகத் தைத்த இடத்துக்கும் மீதமுள்ள ஜவ்வுக்கும் பெரும் அழுத்தம் கொடுக்கும்.

நாள் குறிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவசரமில்லாத சிகிச்சைக்கு அஷ்டமி, நவமி பார்ப்பதை மருத்துவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் தன்னறியாமல் வெளியேறுவது, தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலம் வேகமாகக் குறைவது ஆகியவை முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள். அப்போது நல்ல நேரம் பார்ப்பதும், எண்ணெய் தேய்த்து நீவிவிட ஆள் கூப்பிடுவதும் காலையும் சிறுநீர்ப் பையையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடிய தாமதங்கள்.

அடுத்தது மாத்திரைகளைப் பற்றிய மௌனம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை உண்பவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் தவறு. யாரோ சொன்னார்கள் என்று தாமாகவே நிறுத்துவதும் தவறு. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எதை, எப்போது நிறுத்துவது என்பதை இருதய மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணரும் பேசி முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களை வழக்கமாக மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் ஆகியவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் நம்மில் அதிகம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து மருத்துவர் முன் கொட்டிவிடுவதே நல்லது. அறுவை சிகிச்சை அன்றைக்குக் காலையில் ‘காபி மட்டும்தானே’ என்று குடித்துவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும். பால் கலந்த காபி உணவாகவே கருதப்படுவதால் அதற்கு ஆறு மணி நேர இடைவெளி தேவை.

வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும். அவர்கள் தங்களைப் புகைபிடிப்பவர்களாக எண்ணுவதில்லை. மருத்துவர் ‘பீடி, சிகரெட் உண்டா’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். சுண்ணாம்புடன் மெல்லும் புகையிலையிலும் நிக்கோட்டின் இருக்கிறது. அது ரத்த நாளங்களைச் சுருக்கி, எலும்பு இணைவதையும் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். எலும்பு இணைப்புச் செய்துகொண்டவர்கள் பின்னரும் பல மாதங்கள் தொடக் கூடாது. முதுகில் முடியை வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு போவதும் வேண்டாத வேலை. பிளேடு போடும் நுண்ணிய கீறல்கள் கிருமித் தொற்றுக்கு வழிவிடும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பயணத்திலும் கவனம் வேண்டும். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. அந்தத் தொலைவை ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டும் என்று ஓட்டுநரை அவசரப்படுத்தாமல், இருக்கையைச் சற்றே சாய்த்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இறக்கி நாலடி நடக்கவிட வேண்டும்.

வீடு வந்த பிறகு நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது, அன்பினால் நடப்பது. விசாரிக்க வருகிறவர்கள், “ஆபரேசன் பண்ணுனவுக நடக்கலாமா? பேசாமப் படுங்க ஆச்சி” என்று சொல்வார்கள். அசையாமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைவதும், நெஞ்சில் சளி கட்டுவதும், மலச்சிக்கலும் வரும். பெரும்பாலானவர்களை முதல் நாளோ மறுநாளோ மருத்துவமனையிலேயே நடக்க வைத்திருப்பார்கள். அந்த நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சிகிச்சையின் ஒரு பகுதி. அதே உறவினர்களுக்காக ஆச்சி வாசல் பக்க முகப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எதிர்த் தவறு. முதல் வாரங்களில் ஒரே இருப்பாக அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். எழும்போது நேராக நிமிர முயலாமல், முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பழகிக்கொண்டால், வலியோடு கற்க வேண்டியிராது.

காயத்தின் மேல் மஞ்சளோ, விபூதியோ, விளக்கெண்ணெயோ தடவக் கூடாது. சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் சிவப்பு, நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைவலியோடு காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படியே. திடீரென்று மூச்சுத் திணறினால் 108ஐ அழைப்பதில் தயக்கம் வேண்டாம்.

கால் வலி சீக்கிரம் குறைந்தாலும் மரத்த உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவதும், வலி போய்விட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் அவசரமே. எலும்புகள் நன்கு இணைய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஆகவே தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நேர்த்தி உள்ளவர்கள், எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சம்மதிக்கும்வரை காத்திருந்து, அந்த ஆண்டுக் காவடியை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாம்.