ஷூ, பெல்ட் வாங்கறப்ப நம்மாளுங்க பண்ற தப்பு

தீபாவளி போனஸ் வந்த கையோட ஒரு ஷூ எடுப்போம், அதுவும் கரெக்டா அடைமழை ஆரம்பிக்கற நேரத்துல. கடை லைட்ல பளபளன்னு இருக்கறத பாத்து மயங்கிடறோம், யாரும் திருப்பி அடிய பாக்கறதில்ல. அடி வழவழன்னு இருந்தா ஈர டைல்ஸ்ல கால வாரிடும், லெதர் சோல்னா தண்ணிய உறிஞ்சி ஊறிப்போகும், மழைக்குன்னா அடில நல்லா பள்ளம் பள்ளமா வெட்டு வெச்ச ரப்பர் சோல்தான் எடுக்கணும். அப்புறம் சோல் ஓரத்துல தையல் மாதிரி தெரியறதெல்லாம் தையல் இல்ல, நிறைய மாடல்ல அச்சுலயே நூல் மாதிரி வார்த்து விட்டிருப்பாங்க, உள்ள வெறும் பேஸ்டிங்தான், அதாவது பசை போட்டு ஒட்டினது, நிஜத் தையல்னா நகத்தால நெருடிப் பாத்தா நூல் தனியா தட்டுப்படும்.

ஆஃபர்ல பழைய ஸ்டாக் எடுக்கறவங்க இத கவனிங்க. பியூ சோல்னு ஒன்னு வருது, பாலியூரித்தேன், லேசா மெத்துமெத்துன்னு சூப்பரா இருக்கும், ஆனா காத்துல இருக்கற ஈரமே அத கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும், போடாம பெட்டிலயே வெச்சிருந்தாலும் சில வருஷத்துல பொலபொலன்னு உதிரும். கல்யாணத்துக்கு மட்டும் போடலாம்னு பத்திரப்படுத்தி வெச்ச ஷூ மண்டபத்துல அடியோட கழண்டு வர்றது இதனாலதான். பெட்டி மேல தயாரிச்ச மாசம், வருஷம் இருக்கும், விலைய பாக்கறதுக்கு முன்னாடி அத பாருங்க.

பெல்ட்ல ஜெனுயின் லெதர்னு முத்திரை இருந்தா போதும்னு நினைக்கறோம், அது தோல்னு மட்டும்தான் சொல்லுது, நல்ல தோல்னு சொல்லல. ஓரத்தையும் ஓட்டையையும் உத்துப் பாருங்க, நடுவுல அட்டையோ துணியோ எட்டிப் பாத்தா நம்ம ஊரு வேர்வைக்கு சீக்கிரமே மேல்தோல் உரிஞ்சு வந்துரும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னு, அதாவது ஏற்றுமதிக்கு செஞ்சு மிச்சமான சரக்கு, கம்மி விலைக்கு கிடைக்கும், நல்ல சரக்கும் இருக்கு, ஆனா ரெண்டு ஷூவையும் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சு கலர், சுருக்கம் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு காசு குடுங்க. சைஸ் பாக்க சாயங்காலம் போங்க, நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

கோலாப்பூரி செருப்புக்கு 2019-ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, அருமையான செருப்புதான், அதுக்காக மழைல போடாதீங்க, பட்டைச் சாறுல பதப்படுத்துன தோல், ஊறிடுச்சுன்னா அவ்ளோதான். நனைஞ்ச லெதர் ஷூவ வெயில்ல வெக்கறதும் ஹேர் டிரையர் அடிக்கறதும் இன்னொரு கொடுமை, வெடிச்சிடும், இன்சோல கழட்டிட்டு உள்ள நியூஸ்பேப்பர திணிச்சு ஃபேன் காத்துல விட்டுடுங்க.

கத்திரி வெயிலுக்கு கூலிங் கிளாஸ் வாங்கறவங்க கருப்பா இருந்தா சேஃப்னு நினைக்கறாங்க. யூவி, அதாவது வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர், அதுக்கு தடுப்பு இல்லாத கருப்புக் கண்ணாடி போட்டா இருட்டுக்கு கண் பாப்பா விரிஞ்சு அந்தக் கதிர் இன்னும் அதிகமா உள்ள போக வாய்ப்பிருக்கு. யூவிய தடுக்கும்னு சொல்ற யூவி 400 ஸ்டிக்கர யார் வேணா ஒட்டலாம், சந்தேகமா இருந்தா யூவி அளக்கற மெஷின் வெச்சிருக்கற ஆப்டிகல்ஸ் கடைல குடுங்க, அங்கயே செக் பண்ணி சொல்லிடுவாங்க.