வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஸ்லோ குக்கர்: முதலில் கடிகாரம், அப்புறம் குழம்பு

மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே சின்னவள் "அப்பா, பசிக்குது" என்பாள். பெரியவன் அதற்குள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்திருப்பான். நியூஜெர்சியில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பிரஷர் குக்கர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் விசில் எண்ண வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே! ஆளில்லாத வீட்டில் சமைக்கத்தான் ஸ்லோ குக்கர், அதாவது மிதமான சூட்டில் பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானை.

படி 1: வீடு பூட்டியிருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். நாங்கள் காலை 7.30க்குக் கிளம்பி மாலை 6க்குத் திரும்புகிறோம். ஆக, பத்தரை மணி நேரம். ஆனால் பல சமையல் குறிப்புகள் 'லோவில் (குறைந்த சூட்டு நிலையில்) 6 மணி நேரம்' என்றுதான் இருக்கும். மீதி நாலரை மணி நேரம் என்ன ஆகும்?

வெறும் குமிழ் வைத்த மலிவான குக்கர், நீங்கள் வந்து அணைக்கும்வரை வேகவைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் முதல் குக்கர் அப்படிப்பட்டதுதான். கோழிக்கறி பஞ்சாகி, எலும்பு தனியாக மிதந்தது. புரோகிராம் செய்யும் வகையில் நேரம் முடிந்ததும் தானாக 'வார்ம்' நிலைக்கு மாறிவிடும். அங்கே உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே இருக்கும். கூடுதல் விலை இந்த ஒரு வசதிக்காகத்தான்.

வார்மில் 4 மணி நேரத்துக்கு மேல் வைப்பது நல்லதல்ல, ருசியும் போய்விடும். ஆகவே வெளியே இருக்கும் நேரத்தில் 4 மணியைக் கழியுங்கள். எங்களுக்கு ஆறரை வருகிறது. அதற்குக் குறைவாக வேகும் எதுவும் வார நாளில் எங்களுக்குச் சரிப்படாது. எலும்போடு கூடிய ஆட்டுக்கறி, சுண்டல் எல்லாம் சரிப்படும். மீனும் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியும் சனிக்கிழமைக்கு.

லோ, ஹை இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போகின்றன. ஹை சீக்கிரம் போகும், லோ மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஹையில் ஒரு மணி நேரம் என்றால் லோவில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வாங்கும்போது

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாத்திரம் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிரம்ப வேண்டும். குறைந்தால் ஓரம் கருகும். கூடினால் நடுவில் வேகாது. நாலு பேர் வீட்டுக்கு 4 குவார்ட் (சுமார் 3.8 லிட்டர்) போதும். விருந்தாளிகளை நினைத்து 6 குவார்ட் வாங்கினால் வாரம் முழுக்கப் பாதிகூட நிரம்பாத பாத்திரத்தில் சமைப்பீர்கள்.

'தாமதமாகத் தொடங்கு' என்று ஒரு பொத்தான் சில வகைகளில் இருக்கும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் பச்சை இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் சூடில்லாமல் கிடக்கக் கூடாது. நான் அதைத் தொடுவதே இல்லை. ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒன்று வாங்கிப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். இங்கே 120 வோல்ட், அங்கே 230.

படி 3: தண்ணீர் வைத்துப் பாருங்கள்

விடுமுறை நாளில் பாதிப் பாத்திரம் தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்ததும் உணவு வெப்பமானியால் உடனே பாருங்கள். 85 டிகிரி செல்சியஸாவது காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: முந்தின இரவு (மட்டன் குழம்பு)

பாதி வேலை இங்கேதான். ஸ்லோ குக்கரில் மசாலாவின் பச்சை வாசனை போகாது. அதனால் வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, 200 கிராம் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி என்று வரிசையாக வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். ஆறியதும் ஒரு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கழுவிய ஒரு கிலோ ஆட்டுக்கறி இன்னொரு டப்பாவில். உறைந்த கறி என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க உருகியிருக்க வேண்டும். கட்டியாகப் போட்டால் சூடேறவே பாதி நாள் ஆகிவிடும்.

குக்கருக்குள் இருக்கும் பீங்கான் பாத்திரத்தை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சில்லென்ற பாத்திரம் சூடேற நேரமாகும், விரிசலும் விடலாம்.

படி 5: காலை

நறுக்கிய இரண்டு உருளைக்கிழங்கு அடியில். கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும், சூடும் அடியிலும் ஓரத்திலும்தான் அதிகம். அதன்மேல் கறி, வதக்கிய மசாலா, உப்பு, ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீர். ஒரே டம்ளர்! கை தானாக இன்னொன்றை ஊற்றப் போகும், தடுத்துவிடுங்கள். ஆவி வெளியேறாது, கறியும் தக்காளியும் தண்ணீர் விடும். பழைய பழக்கத்தில் நான் வைத்த முதல் சாம்பார் ரசமாகத்தான் வந்தது.

6.30க்கே போட்டுவிட்டால், குழந்தைகள் பல் துலக்கி, சாக்ஸ் தேடி முடிக்கும் ஒரு மணி நேரம் ஹையில் ஓடும். கிளம்பும்போது லோவுக்கு மாற்றி 7 மணி நேரம் வையுங்கள். 2.30க்கு வார்முக்குப் போய், ஆறு மணிக்கு நமக்காகக் காத்திருக்கும்.

ராஜ்மா பற்றி ஓர் எச்சரிக்கை. வேகாத ராஜ்மாவில், அதாவது சிவப்புக் கிட்னி பீன்ஸில், வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு நச்சு உண்டு. ஸ்லோ குக்கரின் மிதச்சூட்டில் அது அழியாது, கூடவும் செய்யும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டுத்தான் குக்கருக்கு மாற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இந்தச் சாதனம் முதலில் பீன்ஸ் வேகவைக்கும் பானையாகத்தான் விற்றது. இர்விங் நாக்ஸன் 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனிய யூதக் குடும்பத்தில் அவருடைய பாட்டி காலத்தில், ஓய்வு நாளுக்கு முன்பே பானையை ரொட்டிக் கடை அடுப்பில் மெதுவாக வேக விட்டுவருவார்களாம்; அந்தக் கதைதான் அவருக்கு யோசனை தந்தது. 1971இல் அதுவே 'க்ராக்-பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

படி 6: மாலை

வந்ததும் முதலில் குக்கரின் முகப்புத் திரையைப் பாருங்கள். எண்கள் அணைந்தோ மின்னிக்கொண்டோ இருந்தால் பகலில் மின்சாரம் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. மணம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ கறி, மனசு கேட்காதுதான்.

எல்லாம் சரி என்றால், தேங்காய்ப்பால் சேர்க்கிறவர்கள் இப்போது ஊற்றி ஹையில் அரை மணி நேரம் விடுங்கள். காலையிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். பருப்பு வைத்த நாளில் புளிக்கரைசலும் இப்போதுதான், ஏனென்றால் புளி விழுந்தால் பருப்பு மசியாது. கடுகு, கறிவேப்பிலைத் தாளிப்பைத் தனியாகச் செய்து மேலே கொட்டுங்கள். அந்தச் 'சொய்ங்' சத்தம் இல்லாவிட்டால் என் மகன் சமையல் முடிந்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை. நடுவில் ஆசைக்கு மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது பின்னால் போகும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கத்தான் வேண்டும்.

மிச்சக் குழம்பைத் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அடுப்பிலோ மைக்ரோவேவிலோதான் சூடாக்க வேண்டும், ஸ்லோ குக்கரில் அல்ல. சூடான பீங்கானில் பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள். சாப்பிட்டு முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு கழுவினால் போதும்.