நாள் முழுக்க நின்றே வேலையா? காலில் ரத்த ஓட்டம் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

சென்னை எம்.சி. ரோடு துணிக்கடையில் காலையில் கவுண்டருக்குப் பின்னால் போய் நிற்கும் பெண், இரவு ஷட்டர் இறங்கும்வரை அந்தச் சின்ன இடத்திலேயே நிற்கிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கான வரிசையில் மாட்டிக்கொண்ட கன்டெய்னர் லாரி டிரைவர், மணிக்கணக்கில் சீட்டைவிட்டு எழுவதில்லை. ஒருவருக்கு நின்று நின்று, இன்னொருவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து. சாயங்காலம் இருவரும் சொல்வது ஒன்றுதான்: “காலு கனக்குது, வீங்கிப் போகுது.” இரண்டு பேருக்குமே ஆடுசதை அசையவில்லை.

இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் ரத்தம் பாதம்வரை போய்விடும். அங்கிருந்து மேலே ஏறுவதுதான் கஷ்டம். ஆடுசதை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) பிழியப்பட்டு ரத்தம் மேலே ஏறுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் அளவுக்கு இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30 அளவுக்குக் குறையும். நடையை நிறுத்தி அசையாமல் நின்றால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் பழையபடி ஏறிவிடும். அதனால்தான் காலையில் ராபின்சன் பூங்காவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, அப்புறம் பத்து மணி நேரம் அசையாமல் நிற்பவருக்கும் கால் வீங்குகிறது. அந்த நடை இதயத்துக்கு நல்லது, விடவே கூடாது. ஆனால் காலுக்கு வேண்டியது நாள் முழுக்கச் சின்னச் சின்ன அசைவு.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டியது

கவுண்டர் விளிம்பை விரல் நுனியால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி, முட்டி மடங்காமல் நேராக. இரண்டு எண்ணுவதற்குள் குதிகாலை எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு தூக்குங்கள். ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். இப்படி 15 முதல் 20 தடவை. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது வேகத்தில். குதித்துக் குதித்துச் செய்தால் சதை முழுதாகச் சுருங்காது, குதிகால் தசைநாரில் வலிதான் வரும். பாதி உயரம் மட்டும் தூக்கினாலும் பலன் பாதிதான். கைக்கு முழு எடையும் கொடுத்துச் சாய்ந்தால் ஆடுசதைக்கு வேலையே இருக்காது.

குதிகால் வலி, முட்டி வலி இருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டு செய்யலாம்: குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே இழுப்பது, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, மாறி மாறி 30 தடவை. லாரி டிரைவருக்கும் இதுவே. வண்டி நகராத நேரத்தில், ஹேண்ட் பிரேக் போட்டபின் மட்டும். மணிக்கு ஒருமுறை இறங்கி வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தால் இன்னும் நல்லது.

உட்கார இடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி செய்து தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. அது சலுகையல்ல, உரிமை. ஸ்டூலில் உட்காரும்போது பாதம் தரையில் படியட்டும். கால் தொங்கினால் ஸ்டூலின் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும். கீழே ஒரு பலகையோ அட்டைப் பெட்டியோ போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மல்லாந்து படுத்து, ஆடுசதைக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி 15 நிமிடம் படுங்கள். குதிகாலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்தால் முட்டி பின்பக்கம் வளைந்து வலிக்கும். ஆனால் எல்லோரும் இப்படிக் காலைத் தூக்கி வைக்கக் கூடாது.

முதலில் தெரிய வேண்டியது: ரத்தம் காலுக்குப் போகிற வழியில் அடைப்பா, திரும்புகிற வழியில் தேக்கமா?

இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். தேக்கத்துக்குக் காலைத் தூக்கி வைப்பதும் இறுக்கமான காலுறையும் மருந்து. அடைப்பு உள்ள காலுக்கு அதுவே கெடுதல்: கொஞ்சநஞ்சம் போகிற ரத்தமும் நின்றுவிடும்.

தேக்கம் என்றால் வீக்கம் சாயங்காலம் வரும், காலையில் வடிந்திருக்கும். நாம் நரம்பு என்று சொல்லும் சிரை சுருட்டிக்கொண்டு புடைத்திருக்கும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, கடைசியில் ஆறாத புண்ணாகும்.

அடைப்பு அப்படியல்ல. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். பாதம் சில்லிட்டிருக்கும், விரல் நுனியில் புண் வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம். பீடி பிடிக்கும் ஆண்களுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே விரல் கறுத்துப்போகும் ஒரு நோயும் உண்டு. புகையை முழுதாக விட்டால் ஒழிய அது நிற்காது. “குறைத்துவிட்டேன்” என்பது இங்கே போதவே போதாது.

வீட்டிலேயே ஒரு சோதனை. கட்டைவிரலை மேலே தூக்கினால் பாதத்தின் மேல்புறம் ஒரு தசைநார் புடைத்துத் தெரியும். அதற்கு வெளிப்புறமாக, பாதத்தின் நடுவில், இரண்டு விரல் நுனியை மெதுவாக வைத்துப் பத்து நொடி காத்திருங்கள். துடிப்பு தெரியும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், அதனால் லேசாக வையுங்கள். இன்னொரு இடம் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால். நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் முதல் இடத்தில் துடிப்பு கிடைக்காது. இரண்டு இடத்திலும் இல்லை, கூடவே நடந்தால் வலி என்றால் டாக்டரிடம் போங்கள். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு உண்டு.

அடைப்பு உள்ளவருக்கும் நடைதான் முக்கியமான வைத்தியம், டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு. வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி நின்று நின்று 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம். வலியே வராமல் இருக்க மெதுவாக நடந்தால் பலன் குறைவு. காலில் புண் இருந்தாலோ படுத்திருக்கும்போதே வலித்தாலோ இதைச் செய்யாதீர்கள், உடனே காட்டுங்கள்.

காலுறை, உப்பு, எண்ணெய்

மெடிக்கல் ஷாப்பில் தானாகக் காலுறை வாங்காதீர்கள். துடிப்பு பார்த்து, காலை அளந்துதான் வாங்க வேண்டும். படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்பே, கால் வீங்காத நேரத்தில் மாட்ட வேண்டும், இரவில் கழற்றிவிடலாம். மேல் விளிம்பு சுருண்டு இறங்கினால் கயிறு கட்டியதுபோல இறுக்கி வீக்கத்தைக் கூட்டும்.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. காசிமேட்டுக் கருவாடும் ஊறுகாயும் ஒரே வேளையில் இருந்தால் அதைத் தாண்டிவிடும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். இரண்டு காலும் வீங்கி மூச்சு வாங்கினாலோ, காலையில் முகம் வீங்கினாலோ அது காலின் கோளாறு இல்லை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது களைப்புக்குச் சுகம், அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்கள் காலை வெந்நீரில் வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

தள்ளிப்போடக் கூடாதவை

ஒரே காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு. துணிக்கடையில் இருக்கும் அளவு டேப்பாலேயே பாருங்கள்: முட்டிக்குக் கீழே முன்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே சுற்றளவு. இரண்டு காலுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் வலியும் சூடும் இருந்தால் அன்றே காட்டுங்கள். தயவுசெய்து நீவிவிடாதீர்கள், கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 108.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்து, துடிப்பே இல்லாமல் போனாலும் 108தான். சில மணி நேரத்துக்குள் அடைப்பை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம். காலை வரை பார்ப்போம் என்று தூங்கிவிடாதீர்கள்.

சுருட்டிய நரம்பு குளிக்கும்போது உரசி வெடித்தால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். நிற்காதீர்கள், உட்காராதீர்கள். அந்த இடத்திலேயே படுத்து, காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி, சுத்தமான துணியை மடித்து அந்தப் புள்ளியிலேயே பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். தொடைக்கு மேலே கயிறு கட்டக் கூடாது. பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. நின்றுவிட்டாலும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள். ஒருமுறை வெடித்த இடம் திரும்பவும் வெடிக்கலாம்.