சிங்குவே தெர்ரேயில் இரண்டு இரவு: சென்னையிலிருந்து போகும் இரு நண்பர்களுக்கு

சென்னையிலிருந்து வார இறுதிக்கு மட்டும் இத்தாலி போய்வருவது நடக்காத காரியம். மிலானுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, ஃப்ராங்க்ஃபர்ட் என்று ஏதோ ஓர் ஊரில் மாறித்தான் போகவேண்டும். ஆனால் மிலானிலோ தூரினிலோ படிக்கும், வேலை பார்க்கும் நண்பரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பயணத்துக்கு நடுவே ஒரு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை ஒதுக்கினால் போதும். சிங்குவே தெர்ரேயை நிதானமாகப் பார்க்கலாம்.

பெயருக்கு 'ஐந்து நிலங்கள்' என்று பொருள். வடமேற்கு இத்தாலியின் லிகூரியா கடற்கரையில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள். வடமேற்கிலிருந்து வரிசையாக மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. இந்தப் பக்கம் லெவாந்தோ, அந்தப் பக்கம் லா ஸ்பெட்சியா என்று இரண்டு பெரிய ஊர்கள் எல்லை. எல்லாவற்றையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது. ஊருக்கு ஊர் இரண்டு முதல் ஐந்து நிமிடம்தான். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் அடுத்த ஸ்டேஷன் போவது போல.

ஆக, தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. கூட்டமும் படிக்கட்டும்தான் பிரச்சினை. காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, ஒருநாள் சுற்றுலாவுக்கு வருபவர்கள் சந்துகளை அடைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஊர் உங்களுடையது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: கோடையில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையில் காலை 9 மணி என்றால் அங்கே 5.30. வந்த முதல் சில நாட்களில் விடியற்காலை தானாகவே விழிப்பு வந்துவிடும். அதை எதிர்த்துப் புரண்டு படுக்காமல் எழுந்து நடக்கப் போய்விடுங்கள்.

விசா: இரண்டு கோப்பு, இரண்டிலும் எல்லாம்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. இத்தாலிக்கான விண்ணப்பத்தைச் சென்னையில் விஎஃப்எஸ் எனும் விசா விண்ணப்ப மையத்தில் கொடுக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குவார்கள். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் தேதி கிடைப்பதே பாடு என்பதால் மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே தேதி பிடிப்பது நல்லது. பெரியவர்களுக்கு விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். பாஸ்போர்ட் கடைசிப் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களுடன் இருக்கவேண்டும்.

நண்பர்கள் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது வழக்கமாகத் தவறுவது ஒன்று உண்டு. ஒருவர் தன் கார்டில் அறை போடுவார். ரசீதில் அவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவரின் கோப்பில் தங்குமிடத்துக்கு ஆதாரமே இல்லாமல் போகும். முன்பதிவில் இரண்டு பெயரும் வரும்படி விடுதிக்கு எழுதி, திருத்திய ரசீதை வாங்கி, இருவர் கோப்பிலும் வையுங்கள். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம் ஆகியவை அவரவருக்குத் தனித்தனி. அங்கே நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதமும், அவருடைய அடையாள அட்டை அல்லது வசிப்பு அனுமதியின் நகலும் வேண்டும்.

எங்கே தங்குவது, எதைத் தூக்கிப்போவது

அழகில் மயங்கி மனரோலாவில் அறை போட்டுவிட்டு, 23 கிலோ பெட்டியைச் செங்குத்துச் சந்தில் இழுத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பெட்டி பெரிதாக இருந்தால் மொந்தெரோஸ்ஸோவின் புதிய பகுதியான ஃபெஜீனாவில் தங்குங்கள். ஸ்டேஷனை விட்டு இறங்கினாலே சமதளம், எதிரே கடல். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் லா ஸ்பெட்சியா அல்லது லெவாந்தோ. ஆனால் அப்போது இரவு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். கூட்டம் வடிந்த பிறகான அந்த இரண்டு மணி நேரத்தைக் கடைசி ரயில் தின்றுவிடும். இரண்டு இரவுதானே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஐந்தில் ஒரு ஊரிலேயே தங்குவது மேல். பெரிய பெட்டியை மிலானில் நண்பர் வீட்டில் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு முதுகுப்பையோடு போனால் எந்த ஊரும் சரி.

செருப்பு விஷயத்தில் கவனம். மலைப்பாதைகளில் ரப்பர் செருப்புப் போட்டு நடந்தால் தேசியப் பூங்கா அபராதம் போடும்: 50 யூரோவில் தொடங்கி 2,500 யூரோ வரை. பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ கட்டாயம். கடலில் இறங்க ரப்பர் ஷூ ஒரு ஜோடி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மொந்தெரோஸ்ஸோ தவிர மற்ற ஊர்களில் மெரினா போல மணல் கிடையாது, கூழாங்கல்லும் பாறையும்தான்.

ரயில்

மிலானோ சென்ட்ராலேயிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். சில 'இன்டர்சிட்டி' எனும் நெடுந்தூர வண்டிகள் மொந்தெரோஸ்ஸோவிலேயே நிற்கும். இல்லாவிட்டால் லா ஸ்பெட்சியாவிலோ லெவாந்தோவிலோ இறங்கி உள்ளூர் வண்டி பிடிக்கலாம். இன்டர்சிட்டிக்கு முன்கூட்டி வாங்கினால் விலை குறையும். உள்ளூர் வண்டிக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை.

ஊர்களுக்கு இடையே ஓடும் வண்டிகளுக்கு, சீசனில் ஒருமுறைச் சீட்டே நாளின் நெரிசலைப் பொறுத்து 5 முதல் 10 யூரோ வரை போகிறது. அதனால் 'சிங்குவே தெர்ரே ட்ரேனோ' அட்டைதான் கணக்குக்கு ஒத்துவரும். லெவாந்தோ முதல் லா ஸ்பெட்சியா வரை உள்ளூர் வண்டிகளில் எத்தனை முறையும் ஏறலாம், கட்டண மலைப்பாதைகளும் கொர்னீல்யாவின் சிறு பேருந்தும் அதிலேயே அடக்கம். ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்கி, ஒரு பாதையும் நடந்தால் அட்டைக்கு மேல் லாபம். கடலில் நாள் முழுக்கக் கிடக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். இந்த அட்டை இன்டர்சிட்டியில் செல்லாது.

காகிதச் சீட்டையும் காகித அட்டையையும் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தவேண்டும். அட்டையின் பின்புறம் பெயர் எழுதவேண்டும். கைபேசியில் வாங்கிய உள்ளூர்ச் சீட்டு என்றால் ஏறும் முன் 'செக்-இன்' அழுத்தவேண்டும். காசு கொடுத்து வாங்கினோமே என்ற வாதம் பரிசோதகரிடம் எடுபடாது.

லா ஸ்பெட்சியாவில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து மொந்தெரோஸ்ஸோ என்ற பெயரையே காணோம் என்று திகைக்க வேண்டாம். ஐந்து ஊருக்கும் போகும் வண்டி கடைசி நிறுத்தத்தின் பெயரோடு வரும்: லெவாந்தோ அல்லது செஸ்த்ரி லெவாந்தே. 'பினாரியோ' என்றால் நடைமேடை, 'ரிதார்தோ' என்றால் தாமதம், 'கான்செல்லாத்தோ' என்றால் ரத்து. வெர்னாட்சாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் வண்டியின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். இருட்டைப் பார்த்து, ஸ்டேஷன் இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த ஊரில்தான் இறங்கவேண்டும். கதவு தானாகத் திறக்காது. பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.

சனிக்கிழமை

காலை 7 மணிக்கு மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு நடை தொடங்குங்கள். மூன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். தொடக்கத்திலேயே நெடிய படியேற்றம், பிறகு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகும் அகலத்தில் பாதை. நெரிசல் நாட்களில் மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சா பக்கம் மட்டுமே ஒருவழியாக விடுவார்கள் என்பதால் இந்தத் திசையே பாதுகாப்பு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பாதையின் இருபுறமும் சாந்தே பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிய சுவர்களைக் கவனியுங்கள். மலையைப் படிப்படியாக வெட்டி, மண்ணை இந்தச் சுவர்கள்தான் தாங்கிப்பிடித்திருக்கின்றன. யுனெஸ்கோ 1997இல் இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கும் இந்த நிலக்காட்சியே காரணம். விவசாயம் விட்டுப்போன இடங்களில் சுவர் சரியும், மழையில் மண்ணும் சேர்ந்து இறங்கும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் மொந்தெரோஸ்ஸோவும் வெர்னாட்சாவும் சேற்றில் புதைந்தன. இன்றும் மழை எச்சரிக்கை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். வானம் வெளுத்துத்தானே இருக்கிறது என்று கயிற்றைத் தாண்டக்கூடாது. முந்தைய இரவே தேசியப் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெர்னாட்சாவின் துறைமுகச் சதுக்கத்தில் ஒரு காப்பி. நின்று குடித்தால் மலிவு, உட்கார்ந்தால் விலை ஏறும். 10 மணிக்கு முதல் கூட்டம் வந்து இறங்கும்போது நீங்கள் கொர்னீல்யாவுக்கு ரயில் ஏறிவிடலாம். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். ஸ்டேஷனிலிருந்து 'லர்தரீனா' எனும் 382 படிகள். பரங்கிமலைப் படிகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வெயிலில் சிறு பேருந்தில் ஏறி, இறங்கும்போது படியில் வருவதே புத்தி. முழங்கால் வலி இருந்தால் இந்த ஊரை விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை. படகும் இங்கே வராது. மற்ற நான்கு ஊர்களில்தான் துறை உண்டு. அதுவும் கடல் கொந்தளித்தால் ஓடாது.

நடுப்பகலில் மொந்தெரோஸ்ஸோ திரும்பிக் கடலில் இறங்குங்கள். குடை வரிசையாக நட்ட இடம் கட்டணம். 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' என்ற பலகை இருந்தால் இலவசம். மாலை 6 மணிக்கு மேல் மனரோலா. துறைக்கு வலப்புறம் ஏறும் பாதையில் புந்தா பொன்ஃபீல்யோ முனை வரை நடந்தால், படங்களில் பார்த்த அந்தக் காட்சி கிடைக்கும். ஜூனில் சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டிவிடும்.

சாப்பாடு

உணவகங்களில் இரவுச் சாப்பாடு 7 மணிக்கு முன் தொடங்காது. மாலை டிபன் வயிற்றுக்கு ஃபொகாச்சா கடையே கதி. எண்ணெய் ஊறிய தட்டை ரொட்டியை எடைக்குத் தருவார்கள். 'ஃபரினாத்தா' கிடைத்தால் விடாதீர்கள்: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும். நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. சைவத்துக்குப் பெஸ்தோ (இத்தாலியத் துளசி இலைத் துவையல்) சேர்த்த 'த்ரோஃபியே' பாஸ்தாவும் உண்டு. ஆனால் பெஸ்தோவில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேர்வதால் கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. ஆர்டர் கொடுக்கும்போது 'சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா அச்சூகே' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், நெத்திலி வேண்டாம். கடைசியைத் தனியாகச் சொல்லாவிட்டால் தூவிவிடுவார்கள். அசைவக்காரர்களுக்கு அந்த நெத்திலிதான் மொந்தெரோஸ்ஸோவின் பெருமை. உப்பில் ஊறியதும் பொரித்ததும் இரண்டும் வாங்கிப் பாருங்கள். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் அது ஏமாற்று அல்ல, மேசைக் கட்டணம். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே தொடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள்.

ஞாயிறு

ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்கு 'வியா தெல் அமோரே', காதல் பாதை. சுமார் 900 மீட்டர், சமதளம். 2012இல் பாறை சரிந்து மூடியது, 2024இல்தான் முழுசாகத் திறந்தார்கள். இந்தத் திசையில் மட்டுமே நடக்கவேண்டும். அட்டை போக, தனிக் கட்டணமும் நேர முன்பதிவும் உண்டு. காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள்.

ஞாயிறு மாலை மிலான்காரர்கள் எல்லோரும் வீடு திரும்புவார்கள். இன்டர்சிட்டி இருக்கையை அட்டை வாங்கும் நாளுக்கு முன்பே போட்டுவையுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன் 'ஷோப்பெரோ', அதாவது வேலைநிறுத்தம் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். வேலைநாட்களில் காலை 6–9, மாலை 6–9 மணிக்கு உள்ளூர் வண்டிகள் ஓடியாக வேண்டும் என்பது விதி. ஞாயிறில் அந்தச் சலுகை இல்லை.